எல்.கே.ஜி. அறையில் நாலு மூலை

மணிக்கட்டில் எட்டுச் சின்ன எலும்புகள் உண்டு. பிறக்கும்போது அவை எல்லாமே குருத்தெலும்புதான். அதனால் பச்சைக் குழந்தையின் கையை எக்ஸ்ரே எடுத்தால் மணிக்கட்டு இருக்கும் இடம் வெறுமையாகத் தெரியும். முதல் வயதுக்குள் இரண்டு எலும்புகள் இறுகத் தொடங்கும். நாலு வயதில் மூன்றோ நாலோ தெரியும். எட்டும் படத்தில் விழுவதற்கு ஒன்பது, பத்து வயதுகூட ஆகும். ஜூன் மாதம் எல்.கே.ஜி.யில் சேர்ந்த மறுவாரமே நாலு கோட்டு நோட்டைக் கொடுத்து ஒரு பக்கம் நிறைய எழுதச் சொல்வது இந்தக் கையிடம்தான்.

இந்தக் கைக்கு அந்த வயதில் வேண்டியது வேறு வேலை. பிசைய வேண்டும், ஊற்ற வேண்டும், அடுக்க வேண்டும், கோர்க்க வேண்டும், திருக வேண்டும். பென்சிலைப் பிடிக்கும் மூன்று விரல்களுக்கு வலு அப்படித்தான் ஏறுகிறது. அதற்கான ஏற்பாடுதான் விளையாட்டு மூலைகள். வகுப்பறையை நாலைந்து சிறு இடங்களாகப் பிரித்து, ஒவ்வோர் இடத்திலும் கைக்கு ஒரு வேலையை வைத்துவிடுவது. ஒரு மூலையில் நாலைந்து குழந்தைகள், அதற்கு மேல் வேண்டாம். எதைத் தொடுவது என்பதைக் குழந்தையே முடிவு செய்யும். டீச்சர் நடுவில் நின்று பாடம் நடத்துவதில்லை; மூலை மூலையாகப் போய் உட்காருகிறார்.

தமிழ்நாட்டுக்கு இது புதிதல்ல. 2003-ல் சென்னை மாநகராட்சிப் பள்ளிகள் 13-ல் தொடங்கிய செயல்வழிக் கற்றல், 2007-08-ல் மாநிலத்தின் எல்லா அரசுத் தொடக்கப் பள்ளிகளுக்கும் வந்தது. தரையில் பாய், கையில் அட்டை, குழந்தைக்கு எட்டும் உயரத்தில் கரும்பலகை, வரைந்ததைத் தொங்கவிடக் கம்பிப் பந்தல் என்று வகுப்பறையின் தோற்றமே மாறியது. 2022-ல் வந்த எண்ணும் எழுத்தும் திட்டம் கதைக் களம், பாடல் களம், படைப்புக் களம் என்று அறையைப் பிரித்தது. இரண்டும் ஒன்றாம் வகுப்பிலிருந்துதான். அதற்கும் கீழே, 2019 ஜனவரியில் அரசு நடுநிலைப் பள்ளி வளாகங்களில் இருந்த 2,381 அங்கன்வாடி மையங்களில் எல்.கே.ஜி., யு.கே.ஜி. வகுப்புகள் தொடங்கின. மூன்றரை, நாலு வயதுக் குழந்தைகளுக்கு அந்த அட்டைகளே அதிகம். அவர்களுக்கு மண்ணும் தண்ணீரும் மரக்கட்டையும் போதும்.

மண் என்றதும் ஒரு பழைய கதையைச் சொல்ல வேண்டும். 1789-ல் சென்னை எழும்பூரில் ராணுவ அநாதைச் சிறுவர் இல்லத்தின் பொறுப்பை ஏற்றவர் ஆண்ட்ரூ பெல் என்ற ஸ்காட்லாந்துப் பாதிரியார். நம் திண்ணைப் பள்ளிக்கூடத்துப் பிள்ளைகள் மணலில் விரலால் எழுதிப் பழகுவதைப் பார்த்து, அதைத் தன் இல்லத்துக்குக் கொண்டுபோனார். மூத்த பிள்ளை இளைய பிள்ளைக்குச் சொல்லிக்கொடுக்கும் வழக்கத்தையும் சேர்த்து வளர்த்தெடுத்தார். 1797-ல் லண்டனில் அவர் வெளியிட்ட சிறு நூல் அங்கே ‘மெட்ராஸ் முறை’ பரவ வழிவிட்டது. இங்கிலாந்தின் ஏழைப் பிள்ளைகளுக்கான பள்ளிகளில் சின்னஞ்சிறுசுகள் மணல் பரப்பிய தட்டில் எழுத்துப் பழகின. அந்த மணல் தட்டு போனது நம் திண்ணையிலிருந்து. விஜயதசமியன்று தாம்பாளத்தில் அரிசியைப் பரப்பிக் குழந்தையின் விரலைப் பிடித்து எழுத வைக்கிறோமே, அதுவும் இதே வழிதான். ஒரே நாளோடு அதை நிறுத்திக்கொண்டதுதான் வருத்தம். விளிம்பு உயர்ந்த எவர்சில்வர் தட்டில் அரை விரற்கடை உயரத்துக்குச் சலித்த மணல் போட்டுத் தினமும் வைத்தால், பிசகியதை ஒரு குலுக்கில் அழித்துவிட்டு மறுபடி எழுதலாம். ரப்பர் வேண்டாம், திட்டும் வேண்டாம்.

கொங்கு நாட்டில் மூலைகளுக்குப் பொருள் தேடிக் கடைக்குப் போக வேண்டியதே இல்லை என்பது என் துணிபு. மில்லில் நூல் சுற்றி வரும் அட்டைக் கோனை எடுத்துக்கொள்வோம். திருப்பூர் பனியன் கம்பெனிகளிலும் சோமனூர்த் தறிகளிலும் நூல் தீர்ந்தபின் கோன் மிஞ்சுகிறது. நூலின் பருமனைச் சொல்லும் கவுண்ட் மாறிப்போகாமல் இருக்க மில்காரர்கள் கோனின் நிறத்தையோ கோட்டையோ மாற்றி வைப்பார்கள். முப்பது கோன்களை ஒரு கூடையில் கலந்து வைத்தால், யாரும் சொல்லாமலே குழந்தைகள் பச்சையைப் பச்சையோடும் நீலத்தை நீலத்தோடும் சேர்க்கத் தொடங்குகின்றன. மில்லில் பெரியவர்கள் செய்வதும் அதே தரம் பிரிக்கும் வேலைதான். அடுத்தது அடுக்குவது. அகன்ற வாய் கீழே இருந்தால் ஒன்றின் மேல் ஒன்று செருகி நிற்கிறது; தலைகீழாக வைத்தால் சரிகிறது. கோபுரம் நாலு முறை சாயும். ஐந்தாவது முறை குழந்தை முதல் கோனைத் திருப்பி வைத்துவிட்டு டீச்சரை நிமிர்ந்து பார்க்கும். அதுவரை டீச்சர் வாய் திறக்காமல் இருக்க வேண்டும். இந்த வேலையிலேயே கஷ்டமான பகுதி அதுதான்.

மரக்கட்டைக்குத் தச்சுப் பட்டறைக்குப் போகலாம். ஆனால் கண்டபடி துண்டு வாங்கி வரக்கூடாது, அளவு முக்கியம். நியூயார்க்கில் கரோலின் பிராட் என்ற ஆசிரியை நூறு ஆண்டுகளுக்கு முன் வகுத்த கணக்கு இன்றும் நிற்கிறது. கனத்தைப் போல இரண்டு மடங்கு அகலம், அகலத்தைப் போல இரண்டு மடங்கு நீளம். ஐந்தரை அங்குல நீளம் என்றால் அகலம் இரண்டே முக்கால், கனம் அதில் சரிபாதி, அதாவது ஒன்றரைக்குச் சற்றுக் குறைவு. தச்சரிடம் ‘இரண்டே முக்காலில் பாதி’ என்றால் புரிந்துகொள்வார். இதில் பாதி நீளத்தில் சில, இருமடங்கு நீளத்தில் சில. வேம்போ மலைவேம்போ எதுவானாலும் சரி, உப்புத்தாள் போட்டு முனை மழுக்கினால் போதும், பெயின்ட் வேண்டாம். இரண்டு சின்னதைச் சேர்த்தால் ஒரு பெரியது என்பதைக் கட்டடம் கட்டும்போதே கை கண்டுகொள்கிறது.

நம் பாட்டிமார் வீட்டு அளவைகளிலும் இதே கணக்கு இருக்கிறது. இரண்டு ஆழாக்கு ஓர் உழக்கு, இரண்டு உழக்கு ஓர் உரி, இரண்டு உரி ஒரு படி. பரணில் கிடக்கும் அந்தப் பித்தளை, இரும்பு அளவைகளைத் தேய்த்துக் கழுவித் தண்ணீர் மூலையில் வைத்துப் பாருங்கள். அம்மாவை விட்டு வந்த முதல் வாரத்து அழுகை, தண்ணீரை ஊற்றி ஊற்றி விளையாடுகையில் சீக்கிரம் அடங்கும். இந்த மூலை வாசலுக்கும் குழாய்க்கும் பக்கத்தில் இருக்கட்டும். நாலு விரற்கடைக்கு மேல் தண்ணீர் வேண்டாம், விளையாட்டு முடிந்ததும் தொட்டியைக் கவிழ்த்துவிட வேண்டும்.

இன்னும் சில ஆபத்துகளைத் தயங்காமல் சொல்லிவிடுகிறேன். பல்லாங்குழிக்குக் குன்றிமணி வைப்பது பழைய வழக்கம். அதன் பருப்பு கொடிய நஞ்சு. காட்டோரம் கிடைக்கும் ஆமணக்கு விதையும் அப்படியே. இரண்டும் குழந்தைகள் அறைக்குள் வரவே கூடாது. புளியங்கொட்டை நஞ்சல்ல, ஆனால் மூக்கிலும் தொண்டையிலும் சிக்கும். முதல் பருவத்தில் மூன்று சென்டிமீட்டர் குறுக்களவுக்குள் அடங்கும் எதையும் வைக்காமல் இருப்பது நல்லது. எண்ணுவதற்குத் தொட்டாங்குச்சி போதும். பட்டறையிலிருந்து வரும் பெரிய போல்ட்டும் நட்டும் திருகிப் பழக அருமையானவை, ஆயில் போகக் கழுவியிருந்தால்.

இடம் பிரிப்பதில் நம் ஊருக்கென்றே ஒரு கணக்கு உண்டு. பள்ளி திறக்கும் ஜூனில் பாலக்காட்டுக் கணவாய் வழியாகக் காற்று பிய்த்துக்கொண்டு வரும். பொள்ளாச்சி, உடுமலைப் பக்கம் மேற்கு ஜன்னலோரம் காகிதம் வைத்தால் கிரேயானும் தாளும் அறை முழுக்கப் பறக்கும். படம் வரையும் மூலை கிழக்குச் சுவரோரம் இருக்கட்டும். கட்டை சரியும் சத்தத்துக்குப் பக்கத்தில் கதைப் புத்தகம் வேண்டாம். எல்லை காட்டத் தடுப்பு தேவையில்லை. பவானி ஜமக்காளம் ஒன்றை விரித்தால் ‘இதுக்குள்ளதான் கட்டணும்’ என்பது குழந்தைக்கு விளங்கிவிடும். எங்கிருந்து பார்த்தாலும் டீச்சர் கண்ணுக்கு எல்லா மூலையும் தெரிய வேண்டும்.

முதல் நாளே எல்லா மூலையையும் திறந்துவிடுவது பெரும் தவறு. முதல் வாரம் இரண்டு மட்டும் போதும். பாதிப் பேர் டீச்சருடன் உள்ளே, மீதிப் பேர் ஆயாவுடன் மரத்தடியில் பாட்டு. ஒவ்வொரு பொருளையும் எப்படி எடுப்பது, எங்கே திருப்பி வைப்பது என்று செய்து காட்டவே அந்த வாரம் சரியாகப் போகும். அலமாரித் தட்டில் கட்டையின் வடிவத்தைச் சாக்பீஸால் வரைந்து வைத்தால், திருப்பி வைப்பதே ஒரு பொருத்தும் விளையாட்டு ஆகிவிடும். “கண்ணு, அது எங்கிருந்து வந்துச்சு? அதோட வீட்டுலயே வெச்சுரு சாமி” என்றால் போதும். தொடக்கத்தில் பத்து நிமிடம் நிலைக்கும் கவனம், மெல்ல மெல்ல அரை மணியைத் தொடும்.

சாயங்காலம் வாசலில் நிற்கும் அம்மா, “இன்னிக்கு என்னங்க டீச்சர் எழுதுனான்?” என்று கேட்பார். அவர் மேல் குற்றமில்லை, கட்டுகிற பணத்துக்கும் அனுப்புகிற நேரத்துக்கும் நோட்டுதான் சாட்சி என்று நாம்தான் பழக்கி வைத்திருக்கிறோம். மாதம் ஒரு நாள் பெற்றோரையே மூலைகளில் உட்கார வைத்து, உழக்கால் படியை நிரப்பச் சொல்லலாம். எத்தனை முறை ஊற்றினார்கள் என்று குழந்தையே எண்ணிச் சொல்லும்.

டீச்சருக்கும் ஒரு நோட்டு வேண்டும். யார் எந்த மூலையில் வெகுநேரம் இருந்தார்கள், யார் எதன் பக்கமே போகவில்லை என்று தினமும் இரண்டு வரி. அடுத்த மாதம் எதை எடுத்துவிட்டு எதை வைப்பது என்பதை அந்த வரிகள் சொல்லிவிடும். களிமண்ணைத் தொடாத குழந்தைக்குப் பெரும்பாலும் பிசுபிசுப்புதான் பிடிக்காது. வற்புறுத்தாமல் ஒரு வாரம் காய்ந்த மணல், அடுத்த வாரம் ஈர மணல், அதற்கடுத்து குச்சியால் குத்திப் பார்க்கக் கொஞ்சம் களிமண் என்று வைத்துப் பார்க்கலாம்.