தாடியஸ் ஸ்டீவன்ஸ்

அமெரிக்காவின் வெர்மான்ட் மாநிலத்தில், 1792ஆம் ஆண்டில், வறிய குடும்பம் ஒன்றில் தாடியஸ் ஸ்டீவன்ஸ் பிறந்தார். பிறவியிலேயே அவர் கால் ஊனமுற்றிருந்தது. தந்தையார் குடும்பத்தைக் கைவிட்டார். அன்னையார் அரும்பாடுபட்டு மகனைக் கற்பித்தார். பின்னர் அவர் பென்சில்வேனியாவில் புகழ்மிக்க வழக்கறிஞராகி, 1833இல் அம்மாநிலச் சட்டமன்றத்திற்குத் தேர்ந்தெடுக்கப்பெற்றார்.

அந்நாளில் அங்கு ஏழைச் சிறுவர் பொதுச் செலவில் கற்கவேண்டுமாயின், பெற்றோர் தம்மை ஏழையரென்று பதிவு செய்துகொள்ளவேண்டும். மானமுடையோர் இதற்கு உடன்படுவரோ? பிள்ளைகள் பலர் கல்லாமலே வளர்ந்தனர். இக்குறை நீங்க, 1834இல் அனைவர்க்கும் பொதுப்பள்ளி அமைக்கும் சட்டம் பிறந்தது. அதனுடன் பள்ளி வரியும் வந்தது. பிறர் பிள்ளைகளின் படிப்புக்குத் தாம் ஏன் பொருள் தரவேண்டும் எனப் பலர் வெகுண்டனர். மறு ஆண்டே மேலவை அச்சட்டத்தை நீக்க இசைந்தது. கீழவையும் அவ்வாறே செய்யும் என்று பலரும் எண்ணினர்.

ஸ்டீவன்சைத் தேர்ந்தெடுத்தவருள்ளும் வரியை வெறுத்தோர் பலர். எனினும், 1835 ஏப்ரல் 11ஆம் நாள் அவர் எழுந்து பேசினார். பழைய முறை ஏழையர்க்கு இழிவுக்குறி இடுவதாகும் என்றார். குற்றவாளிகளைச் சிறையில் காக்க மகிழ்ந்து வரி தருவோர், குற்றம் நிகழாமல் தடுக்கும் கல்விக்குத் தர மறுப்பதென்ன என்று வினவினார். வழக்காடிப் பழகிய நாவன்றோ! அவை மனம் மாறியது, சட்டம் நிலைத்தது.

பின்னாளில் நாட்டின் காங்கிரசில் அமர்ந்து அடிமை முறையை எதிர்த்துப் போராடிய அவர், 1868இல் மறைந்தார். கறுப்பரும் வெள்ளையரும் ஒருங்கே அடக்கம்பெறும் இடுகாட்டையே தமக்கெனத் தேர்ந்திருந்தார்.