கயாக்கில் போக ஜி.பி.எஸ். வாங்குமுன்

கயாக்கில் உட்கார்ந்திருப்பவரின் கண், தண்ணீருக்கு முக்கால் மீட்டர் உயரத்தில்தான் இருக்கும். அந்த உயரத்திலிருந்து பார்த்தால் மூன்று கிலோமீட்டரிலேயே தொடுவானம் முடிந்துவிடும். கரையை விட்டு நாலைந்து கிலோமீட்டர் போய்விட்டால் மணலும் கரையேற்றிய படகுகளும் கண்ணுக்குச் சரியாகப் பிடிபடாது. பனைகளின் தலை மட்டும் பச்சைக் கோடாகத் தெரியும். ராமேஸ்வரம் தீவின் வடகரையிலிருந்து ஒரு காலையில் துடுப்புப் போட்டுக் கிளம்பியபோது இது எனக்குப் புரிந்தது. கடல் குளம்போலக் கிடந்தது. ஒரு மணி நேரம் கழித்துத் திரும்பிப் பார்த்தால், எந்தப் பனைக்கூட்டத்தின் கீழிருந்து கிளம்பினேன் என்று சொல்லத் தெரியவில்லை. கைப்பேசியை எடுத்தேன். உறையின்மேல் தெறித்திருந்த நீர்த்துளிகளை விரல் என்று எடுத்துக்கொண்டு வரைபடம் தானாக நகர்ந்துகொண்டிருந்தது. வலை இழுத்துவிட்டுத் திரும்பிய வல்லத்திலிருந்து ஒரு பெரியவர் குரல் கொடுத்தார்: “தம்பி, சோழகக் காத்து கரையிலேருந்து அடிக்குது. போறப்ப சுகமாத்தான் இருக்கும், திரும்புறப்பதான் தெரியும். எங்க பின்னாடியே வாங்க.”

அதன் பிறகுதான் கையடக்க ஜி.பி.எஸ். தேடத் தொடங்கினேன்.

ஜி.பி.எஸ். கருவி கேட்கும், பேசாது. செயற்கைக்கோள்கள் அனுப்பும் சமிக்ஞைகளை வாங்கி, நான் எங்கே இருக்கிறேன் என்று எனக்குச் சொல்லும். கரையில் காத்திருப்பவருக்கோ கடலோரக் காவல் படைக்கோ அது எதையும் சொல்லாது. “கையில் ஜி.பி.எஸ். இருக்கிறது, எப்படியும் தேடி வந்துவிடுவார்கள்” என்று நம்பிக் கடலில் இறங்குபவர்களைப் பார்க்கும்போதெல்லாம் எனக்கு வயிறு கலங்குகிறது.

துல்லியத்துக்காகக் கூடுதல் பணம் கொடுக்கத் தேவையில்லை. பொதுமக்களுக்கான சமிக்ஞையில் அமெரிக்கா வேண்டுமென்றே கலந்துவந்த பிழையை 2000 மே மாதம் நிறுத்தியது. அதிலிருந்து திறந்த கடலில் சாதாரணக் கருவியும் சில மீட்டர் பிசகுக்குள் இடத்தைக் காட்டுகிறது. முட்டுக்காடு உப்பங்கழியிலோ பிச்சாவரத்திலோ கரையை ஒட்டித் துடுப்புப் போடுகிறவருக்கு, வரைபடத்தை முன்கூட்டியே இறக்கி வைத்த கைப்பேசியே போதும் என்பது என் கருத்து. தனிக் கருவி திறந்த கடலுக்குப் போகிறவருக்குத்தான்.

அவர் முதலில் பார்க்க வேண்டியது பொத்தான்கள். நனைந்த, உப்புப் படிந்த விரலுக்குத் தொடுதிரை கட்டுப்படாது. அடுத்தது, தண்ணீரில் மிதக்குமா என்பது. கார்மின் நிறுவனத்தின் ஜி.பி.எஸ்.மேப் 79 மிதக்கும். அதே நிறுவனத்தின் விலை குறைந்த இட்ரெக்ஸ் மூழ்கிவிடும். பெட்டியில் ஐ.பி.எக்ஸ். 7 என்று போட்டிருந்தால் ஒரு மீட்டர் ஆழத்தில் அரை மணி நேரம் தாங்கும் என்று பொருள். அந்தச் சோதனை நல்ல தண்ணீரில் நடப்பது. உப்பு அரிப்பதைப் பற்றி அது எதுவும் சொல்வதில்லை. ஆகவே கரையேறியதும் நல்ல தண்ணீரில் கழுவி, பேட்டரி மூடியைத் துடைத்துவிட வேண்டும். கயிறு கட்டுவதிலும் கவனம் வேண்டும்: கருவியைக் கயாக்கில் கட்டாதீர்கள், உயிர்காப்பு அங்கியில் கட்டுங்கள். கவிழ்ந்தால் காற்று கயாக்கைக் கொண்டுபோய்விடும்.

இனி எண்கள். 1974-இல் இந்தியாவும் இலங்கையும் செய்துகொண்ட ஒப்பந்தம் பாக் நீரிணையில் எல்லைக்கோட்டை ஆறு புள்ளிகளால் வரையறுத்தது. மூன்றாவது புள்ளி, வடக்கு 9 டிகிரி 40.15 நிமிடம், கிழக்கு 79 டிகிரி 22.60 நிமிடம். கருவி ‘டிகிரி மட்டும்’ என்ற அமைப்பில் இருக்கும்போது இதை 9.4015 என்று தட்டினால், குறித்த இடம் ஏறக்குறைய முப்பது கிலோமீட்டர் தெற்கே போய்விடும். ஏனென்றால் அறுபது நிமிடம் சேர்ந்ததுதான் ஒரு டிகிரி. அட்சரேகையில் ஒரு நிமிடம் என்பது ஒரு கடல்மைல், 1852 மீட்டர். கருவி வாங்கிய அன்றே அமைப்புப் பகுதிக்குப் போய் ‘டிகிரி, நிமிடம், தசமம்’ என்று மாற்றிவிடுங்கள். கடலில் பொதுவாகப் பேசப்படும் வடிவம் அதுதான். தனுஷ்கோடி அரிச்சல்முனையிலிருந்து கிழக்கே பத்துக் கிலோமீட்டருக்குள் எல்லைக்கோடு வந்துவிடுகிறது. காற்றும் நீரோட்டமும் சேர்ந்து தள்ளினால் கயாக்கில் இரண்டு மணி நேரம்கூட ஆகாது.

கவனிக்க வேண்டியது எல்லைக்கோடு மட்டுமல்ல. தூத்துக்குடிக்கும் ராமேஸ்வரத்துக்கும் இடையே மன்னார் வளைகுடாவில் உள்ள 21 தீவுகளும் 1986-இல் கடல்சார் தேசியப் பூங்காவாக அறிவிக்கப்பட்டவை. வனத்துறை அனுமதியில்லாமல் அவற்றில் கால் வைக்க முடியாது. இளைப்பாற ஒதுங்கினேன் என்று சொல்லிப் பயனில்லை.

சட்டப்படி இன்னொரு பெரிய ஆபத்து கருவிக்குள்ளேயே இருக்கிறது. கார்மின் 86எஸ், 86ஐ என்று இரண்டு கருவிகள் பார்வைக்கு ஒன்றுபோலவே இருக்கும். 86எஸ் வெறும் ஜி.பி.எஸ். கடைசியில் ‘ஐ’ உள்ளதோ இன்ரீச் வசதி கொண்டது. செயற்கைக்கோள் வழியாகச் செய்தியும் அபாய அழைப்பும் அனுப்பும். கேட்பதற்கு இதுதான் நமக்கு வேண்டியது என்று தோன்றும். ஆனால் இந்தியாவில் செயற்கைக்கோள் தொலைபேசியையும் இத்தகைய செய்திக் கருவியையும் தொலைத்தொடர்புத் துறையின் அனுமதியில்லாமல் வைத்திருப்பது குற்றம். வெளிநாட்டுப் பயணிகள் விமான நிலையத்திலேயே இதற்காகக் கைதாகியிருக்கிறார்கள். வெளிநாட்டிலிருந்து வரும் உறவினர் அன்போடு வாங்கிவருவது பெரும்பாலும் இப்படிப்பட்டதாக இருந்துவிடும். முன்கூட்டியே சொல்லிவையுங்கள். வி.எச்.எஃப். வாக்கிடாக்கி சேர்ந்த ஜி.பி.எஸ். கருவிகளும் உண்டு, அலை பரப்பும் கருவிகள் என்பதால் அவற்றுக்கும் உரிமம் வேண்டும்.

என்னுடைய தவறு வேறு மாதிரி. இணையத்தில் விலை குறைவு என்று வாங்கிய கருவியின் திரைக்குள் நான்காம் மாதமே நீராவி படிந்தது. சேவை மையத்தில் வரிசை எண்ணைப் பார்த்துவிட்டு, “சார், இது வேற நாட்டுல விக்கிறதுக்கு வந்தது, வாரண்டி கிடையாது” என்று திருப்பிக் கொடுத்துவிட்டார்கள். வீட்டுக்கு வந்து பெட்டியைத் திருப்பிப் பார்த்தேன். இறக்குமதியாளர் பெயரும் முகவரியும் அச்சிட்ட ஒட்டுத்தாள் இல்லை. அதிகபட்ச விலையும் இல்லை. இரண்டும் சட்டப்படி பெட்டியில் இருந்தாக வேண்டியவை. வாங்கிய அன்று அதைப் பார்க்க எனக்குத் தோன்றவில்லை.

தேசிய நுகர்வோர் உதவி எண் 1915-இல் புகார் பதிந்தேன். விற்றவர் மூன்று வாரத்தில் பணத்தைத் திருப்பினார். திருப்பாமல் இருந்திருந்தாலும் வழி இருந்தது. 2019-ஆம் ஆண்டு நுகர்வோர் பாதுகாப்புச் சட்டப்படி, விற்றவர் எந்த ஊரில் இருந்தாலும் நாம் வசிக்கும் மாவட்டத்தின் நுகர்வோர் ஆணையத்திலேயே வழக்குப் போடலாம். ஐந்து லட்சம் ரூபாய் வரையிலான பொருளுக்குக் கட்டணம் கிடையாது, வழக்கறிஞரும் கட்டாயமில்லை. பிரச்சினை எழுந்த நாளிலிருந்து இரண்டு ஆண்டுக்குள் போட வேண்டும். இணைய விற்பனைத் தளத்தின் குறைதீர் அலுவலர் புகார் கிடைத்ததை 48 மணி நேரத்துக்குள் ஒப்புக்கொண்டு, ஒரு மாதத்துக்குள் தீர்க்க வேண்டும் என்பதும் விதி. இதற்கெல்லாம் கையில் பில் இருக்க வேண்டும். ‘மின்னணுப் பொருள்’ என்று மொட்டையாக எழுதிய பில்லை ஏற்காதீர்கள். கருவியின் பெயரும் வரிசை எண்ணும் அதில் இருக்கட்டும். பெட்டியைப் பிரிக்கும்போது கைப்பேசியில் படம் எடுத்து வையுங்கள்.

இப்போதெல்லாம் கயாக்கைத் தண்ணீரில் இறக்குமுன், மணலில் நின்றபடியே கருவியில் அந்த இடத்தைப் புள்ளியாகக் குறித்துவிடுகிறேன். அதே எண்களையும் திரும்பும் நேரத்தையும் ஒரு தாளில் எழுதிக் கரையில் ஒருவரிடம் கொடுக்கிறேன். தாளின் அடியில் 1554 என்று எழுதியிருக்கும். அது கடலோரக் காவல் படையின் கட்டணமில்லா எண். நேரம் தாண்டி அரை மணி ஆனால் அவர் அந்த எண்ணுக்குப் பேசுவார். நானே பேச வேண்டி வந்தால் எப்படிச் சொல்வது என்று கரையில் நின்று இரண்டு முறை சொல்லிப் பார்த்துக்கொள்கிறேன்: வடக்கு, ஒன்பது டிகிரி, பதினெட்டு புள்ளி நான்கு நிமிடம். கிழக்கு, எழுபத்தொன்பது டிகிரி, பதினேழு புள்ளி இரண்டு நிமிடம். ஒருவர், மஞ்சள் கயாக்.