முயல் குட்டிக்குப் புல்லா, தானியமா?

முயல் வளர்த்தால் வீட்டுக்கு வருமானம் வரும். ஆனால் ஒரு கஷ்டமும் உண்டு. தாய்ப்பால் மறந்த குட்டிகள் சில சமயம் கழிச்சல் கண்டு செத்துவிடும். நேற்று துள்ளிய குட்டி, இன்று சுருண்டு கிடக்கும். கடன் வாங்கி முயல் வாங்கியவர்களுக்கு இது பெரிய நஷ்டம்.

இதற்குப் பல காரணங்கள் உண்டு. அதில் ஒன்று தீவனம். அதை நாமே சரி செய்யலாம்.

இரண்டு சத்துகள்

புல், தழை, காய்ந்த புல் இவற்றில் நார்ச்சத்து அதிகம். மக்காச்சோளம், கம்பு, அரிசி, கோதுமை இவற்றில் மாவுச்சத்து அதிகம். குட்டிக்கு இரண்டும் வேண்டும். ஆனால் அளவு முக்கியம்.

குடலில் என்ன நடக்கிறது?

முயலின் குடலில் ஒரு பெரிய பை இருக்கிறது. அதில் கண்ணுக்குத் தெரியாத நுண்ணுயிர்கள் வாழ்கின்றன. இட்லி மாவு புளிப்பது போல, அவை நாரைப் புளிக்க வைத்துச் சத்தாக மாற்றுகின்றன. நார்தான் குடலை ஓடவும் வைக்கிறது. முயலின் பல் வாழ்நாள் முழுதும் வளரும். புல்லை மென்றால்தான் அது தேயும்.

குட்டிக்குத் தானியத்தை அள்ளிப் போட்டால் என்ன ஆகும்? மாவைச் செரிக்கும் சக்தி அதற்கு இன்னும் முழுதாக வரவில்லை. செரிக்காத மாவு அந்தப் பைக்குள் போகும். அங்கே கெட்ட கிருமிகள் பெருகும். விஷம் உண்டாகும். வயிறு உப்பும், கழிச்சல் வரும்.

அப்படியானால் வெறும் புல் போதுமா? போதாது. குட்டி பிழைக்கும், ஆனால் மெதுவாக வளரும். நல்ல தீவனம் தின்றால், இறைச்சி இனக் குட்டி 12 வாரத்தில் ஏறக்குறைய 2 கிலோ வரும்.

எவ்வளவு கொடுப்பது?

ஆறு வாரக் குட்டி ஒன்றுக்கு ஒரு நாளைக்கு:

அடர்தீவனம் – 50 கிராம்
பசுந்தீவனம் – 150 கிராம்

அடர்தீவனம் என்றால் தானியம், தவிடு, பிண்ணாக்கு, தாது உப்பு கலந்தது. பசுந்தீவனத்துக்கு வேலிமசால், குதிரைமசால், அகத்தி, புல் கொடுக்கலாம். கொஞ்சம் காய்ந்த புல்லும் எப்போதும் கூண்டில் இருக்கட்டும்.

50 கிராமை எப்படி அளப்பது? கடைத் தராசில் ஒரு தடவை நிறுத்து வாங்குங்கள். டம்ளரில் கொட்டி, அது நிற்கும் இடத்தில் கோடு போடுங்கள். பிறகு தராசு வேண்டாம்.

கடைத் தீவனம் வாங்கினால், மூட்டையில் உள்ள சீட்டைப் படியுங்கள். வளரும் குட்டிக்கு நார்ச்சத்து 14 சதவீதத்துக்குக் குறையக் கூடாது. கோழித் தீவனம் வேண்டாம். அதில் நார் குறைவு. அதில் சேர்க்கும் சில மருந்துகள் முயலுக்கு விஷம்.

இவற்றை மறக்காதீர்கள்

1. தீவனத்தை ஒரே நாளில் மாற்றாதீர்கள். பழைய தீவனத்தோடு புதியதைச் சிறிது சிறிதாகக் கலந்து, ஒரு வாரத்தில் மாற்றுங்கள்.

2. பூஞ்சை பிடித்த தீவனம் வேண்டாம்.

3. சுத்தமான தண்ணீர் எந்நேரமும் இருக்கட்டும்.

4. தினமும் காலையில் புழுக்கையைப் பாருங்கள். உருண்டையாக, உலர்ந்து இருந்தால் நல்லது. இளகியிருந்தால் தானியத்தை நிறுத்துங்கள். காய்ந்த புல்லும் தண்ணீரும் கொடுங்கள். அன்றே கால்நடை மருத்துவரிடம் கொண்டு போங்கள்.

ஒரு நோட்டில் வாரம் ஒரு முறை ஒவ்வொரு குட்டியின் எடையையும் தேதியோடு எழுதுங்கள். எடை ஏறுகிறதா, நிற்கிறதா என்று அதைப் பார்த்தே தெரிந்துகொள்ளலாம்.