பிளினியின் கணக்கில் முசிறி

ரோம எழுத்தாளர் மூத்த பிளினி கி.பி. 77-இல் எழுதி முடித்த ‘இயற்கை வரலாறு’ 37 பகுதிகள் கொண்டது. அதன் 6-ஆம் பகுதியில் ஒரு கணக்கு இருக்கிறது. செங்கடல் வாயிலிலிருந்து சேரர் துறைமுகமான முசிறிக்கு 40 நாள் கடற்பயணம். இந்தியாவுக்கு ஆண்டுதோறும் போகும் ரோமப் பணம் 5 கோடி செஸ்டர்ஸ். அங்கே வாங்கிய சரக்கு ரோமில் 100 மடங்கு விலைக்கு விற்கிறது. ராத்தல் கருமிளகு 4 தெனாரியஸ், வெண்மிளகு 7, திப்பிலி 15 என்று 12-ஆம் பகுதி சொல்கிறது.

பணக்கணக்கைப் பலரும் எடுத்தாண்டுவிட்டார்கள். அதனருகிலேயே இறங்கிக் கிடக்கும் தென்னாட்டுப் பெயர்களும் இறக்குமதிதான். எனக்கு அவை மிளகைவிட மதிப்புள்ளவை.

லத்தீனில் 6 வேற்றுமைகள். அங்கே பெயரின் ஈறே மாறி வேற்றுமையைக் காட்டும். அயல்பெயரும் ஏதாவதொரு ஈற்றில் அடங்கியாக வேண்டும். முசிறி ‘முஸிரிஸ்’ ஆனது. இரண்டாம் வேற்றுமையில் ‘முஸிரிம்’. ரோம் நகரின் சொந்த ஆறான டைபருக்கும் இதே வாய்பாடுதான்: டிபெரிஸ், டிபெரிம். மதுரை ‘மொதுரா’ என்று அகர ஈற்றில் சிரமமின்றி அமர்ந்தது. பாண்டியன் ‘பாண்டியோன்’. ஏதென்ஸின் பழங்கதை மன்னன் ஒருவனுக்கும் அதே பெயர் உண்டு. கிரேக்கர் காதுக்குப் பழகிய ஒலி.

கிரேக்கர் கை வேறு இடங்களிலும் தெரிகிறது. முஸிரிஸ் என்பதன் நடுவே நிற்பது ‘இசட்’. 23 லத்தீன் எழுத்துகளில் கடைசி 2 எழுத்துகள், ‘ஒய்’யும் ‘இசட்’டும், கிரேக்கச் சொற்களுக்காகவே சேர்க்கப்பட்டவை. கொத்தோனாரா என்ற பகுதியின் மிளகு ஒற்றைமரத் தோணிகளில் பெகாரே துறைக்கு வருவதைச் சொல்லும்போது பிளினி ‘பெகாரென்’ என்கிறார். லத்தீன் மகர ஈறு அங்கே இல்லை, கிரேக்க னகரம் அப்படியே நிற்கிறது. பெயர்கள் கிரேக்க மாலுமிகள், வணிகர்கள் வாய்வழியே ரோமுக்குப் போயின என்பதற்கு அந்த ஓரெழுத்தே சான்று.

சேரன் பெயர் மட்டும் வேறு வழியில் வந்திருக்கிறது. பிளினி எழுதுவது ‘கைலோபோத்ராஸ்’. அதற்குள் இருப்பது ‘கேரளபுத்திர’ என்ற வடநாட்டு வடிவம், கி.மு. 3-ஆம் நூற்றாண்டு அசோகர் கல்வெட்டில் உள்ளது. அந்த மன்னனின் பெயரைக் கிரேக்கருக்குச் சொன்னவர் பிராகிருதம் பேசியவராகத்தான் இருக்க வேண்டும்.

இந்த ஊர், துறை, குடிப் பெயர்கள் தமக்கு முன் எழுதிய எவரிடமும் இல்லை என்று பிளினியே குறித்துவைத்திருக்கிறார்.