இழுப்பும் ஊளைச்சதையும்

பருத்த பிள்ளையைக் கண்டு பூரிப்பது நம்மவர் வழக்கம். பல தலைமுறை பட்டினி கண்ட ஜனங்கள், தேகம் பூசினாற்போலிருப்பதே க்ஷேமத்தின் அடையாளமென்று நினைத்ததில் வியப்பில்லை. ஆனால் காலம் மாறிவிட்டது. 2022-ம் ஆண்டில், 5 முதல் 19 வயது வரையுள்ளவர்களில் 39 கோடிப் பேர் உலகெங்கும் அளவுக்கு மிஞ்சிய எடையுடன் இருந்ததாக உலக சுகாதார ஸ்தாபனம் கணக்கிட்டிருக்கிறது. இதனால் நீரிழிவு வருமென்பதை எல்லோரும் அறிவர். மூச்சுக்கே கேடு வருமென்பதைச் சிலரே அறிவர்.

ஆஸ்த்மா என்னும் இழுப்பு நோய், பருத்த தேகமுள்ள இளம் பிராயத்தினரை மற்றவர்களைவிட அதிகமாகப் பீடிக்கிறதென்பது பல தேசங்களில் வைத்திய நிபுணர்கள் கண்ட உண்மை. வயிற்றில் சேர்ந்த கொழுப்பு உதரவிதானத்தை மேலே தள்ளுவதால், நுரையீரல் தாராளமாக விரிய இடமில்லாமல் போகிறது. அன்றியும், கொழுப்பு வெறும் சுமையன்று. அழற்சியை வளர்க்கும் வஸ்துக்களை இரத்தத்தில் கலப்பதும் அதுவே. இத்தகையவர்களில் பலருக்கு, உறிஞ்சும் ஸ்டீராய்டு மருந்தும் குறைவாகவே பலனளிக்கிறது.

இனி, நோயுற்ற பிள்ளையின் கதியைப் பாருங்கள். ஓடினால் இரைக்கிறது, ஆகவே பெற்றோர் ஓடாதே என்கிறார்கள், உபாத்தியாயரும் மரத்தடியில் உட்கார வைக்கிறார். உட்கார்ந்தால் எடை ஏறுகிறது. எடை ஏறினால் இரைப்பு மிகுகிறது. அன்பினால் செய்யும் இக்காரியமே தீங்காய் முடிகிறது. இரைப்பெல்லாம் ஆஸ்த்மாவும் அன்று. ஸ்பைரோமெட்ரி என்னும் ஊதும் பரிசோதனையின் உதவியால் வைத்தியர் உண்மையை அறியலாம். ஆஸ்த்மாவாயின், மருந்தினால் அதை அடக்கிப் பிள்ளையை விளையாட விடுவதே முறை.

ஆனால் எங்கே விளையாடுவது? 1964-ல் தொழிற்பேட்டை கண்ட அம்பத்தூரிலும், ஆவடியிலும், பூந்தமல்லியிலும் வெற்றிடங்கள் மனைகளாகிவிட்டன. லாரிப் புகையும் சாலைத் தூசியும் இழுப்பைத் தூண்டுகின்றன. மணிக்கு இவ்வளவென்று வாடகை வாங்கும் வலைகட்டிய மைதானங்கள் பெருகுகின்றன. வாடகை கொடுக்கக்கூடியவன் பிள்ளைக்கே விளையாட்டு என்றால், 1955-ல் சமதர்ம பாணிச் சமுதாயம் அமைப்போமென்று காங்கிரஸ் மகாசபை தீர்மானம் செய்த ஆவடிக்கு அது அழகாகுமா?

நாம் கோருவது புதிய சட்டமன்று. பள்ளி வாசலிலிருந்து 50 மீட்டருக்குள் கொழுப்பும் சர்க்கரையும் உப்பும் மிகுந்த தின்பண்டங்களை விற்கலாகாதென்று 2020-ம் ஆண்டின் மத்திய விதி கூறுகிறது. அதை அமல் நடத்தட்டும். 2013-ல் தொடங்கிய தேசிய சிறார் நலத் திட்டத்தின் கீழ்ப் பள்ளிக்கு வரும் வைத்தியர்கள், எடையை நிறுத்ததும் மூச்சைப் பற்றியும் விசாரிக்கட்டும். தேகப்பயிற்சி வேளையைக் கணக்குப் பாடத்துக்குப் பறிக்கும் வழக்கம் ஒழியட்டும். ஸ்தல ஸ்தாபனங்கள் வார்டுதோறும் கட்டணமில்லாத மைதானம் ஒன்றையேனும் காப்பாற்றட்டும்.

தேச சேவையில் ஈடுபட்ட நண்பர்கள் மேடைப் பேச்சோடு நில்லாமல், தங்கள் வார்டில் மைதானம் இருக்கிறதா என்று நாளைக்கே போய்ப் பார்ப்பார்களென நம்புகிறோம்.