அமெரிக்காவுக்குள்ளே ஒரு வெளிநாடு: தொழிற்சாலைகள் சுங்க வரியைக் குறைக்கும் வழி

(எபிசோடின் திருத்திய எழுத்து வடிவம். பேச்சு நடையை முடிந்தவரை அப்படியே விட்டிருக்கிறோம்.)

இறக்குமதி வரி பத்தி பேசும்போதெல்லாம் உங்ககிட்ட இருந்து ஒரு கேள்வி தவறாம வருது. "வரியை ஏத்தினா கம்பெனிகள் அமெரிக்காவுலயே தயாரிப்பாங்கன்னு சொல்றாங்க. ஆனா அங்கே தயாரிக்கிறவங்களும் பாதிப் பாகங்களை வெளிநாட்டுல இருந்துதானே கொண்டு வர்றாங்க? அப்போ அவங்களுக்கு வரி கிடையாதா?"

வரி உண்டு. ஆனா எப்போ கட்டுறாங்க, எந்தப் பொருளா கணக்கு காட்டிக் கட்டுறாங்க, இதுலதான் விஷயமே இருக்கு. அதுக்குச் சட்டமே ஒரு வாசல் திறந்து வச்சிருக்கு. பேரு ஃபாரின் டிரேட் ஜோன், அதாவது வெளிநாட்டு வர்த்தக மண்டலம். இந்த எபிசோடு முழுக்க அதைச் சுருக்கமா 'ஜோன்'னு சொல்லிக்கிறேன்.

கோடு எங்கே இருக்கு?

தென் கரோலினா மாநிலத்துல ஸ்பார்ட்டன்பர்க்ல பிஎம்டபிள்யூவோட பெரிய கார் ஆலை இருக்கு. அமெரிக்க மண், அமெரிக்கத் தொழிலாளர்கள், அமெரிக்கத் தொழிலாளர் சட்டம். ஆனா ஜெர்மனியில இருந்து ஒரு பாகம் கப்பல்ல வந்து அந்த ஆலைக்குள்ள போனா, சுங்க வரிக் கணக்குல அது இன்னும் அமெரிக்காவுக்குள்ள நுழையலை. அந்த ஆலை ஒரு ஜோன். சுங்க எல்லைக் கோடு துறைமுகத்துல இல்ல, ஆலையோட வெளிவாசல்ல இருக்கு.

இந்த ஏற்பாடு எப்படி வந்தது? 1930ல ஸ்மூட்-ஹாலி சட்டம் அமெரிக்காவோட இறக்குமதி வரிகளைக் கடுமையா ஏத்துச்சு. சரக்கைக் கொண்டு வந்து, பிரிச்சு, பேக் பண்ணி, வேற நாட்டுக்கு அனுப்புற வியாபாரம் துறைமுகங்கள்ல படுத்துடுச்சு. அதைக் காப்பாத்த, 1934ல வெளிநாட்டு வர்த்தக மண்டலச் சட்டம் வந்தது. முதல் ஜோன் 1937ல நியூயார்க்கோட ஸ்டேட்டன் தீவுல திறந்தது. அப்போ அதுக்குள்ள உற்பத்தி பண்ணக் கூடாது. அந்த அனுமதி 1950ல வந்த திருத்தத்துலதான் கிடைச்சது. இன்னைக்கு கார், எண்ணெய் சுத்திகரிப்பு, மருந்து, மின்னணுப் பொருள் ஆலைகள்னு பலதும் ஜோனாவே இயங்குது. ஜோனுக்கு அனுமதி கொடுக்கிறது வணிகத் துறை, நிதித் துறை சேர்ந்த ஒரு வாரியம். வாசல்ல கண்காணிக்கிறது சுங்கத் துறை.

பாகத்துக்கு 9 சதவீதம், காருக்கு 2.5

இப்போ விஷயத்தோட மையத்துக்கு வருவோம். 2025ல வந்த கூடுதல் வரிகளைக் கொஞ்ச நேரம் மறந்துட்டு, அமெரிக்காவோட அடிப்படை வரிப் பட்டியலை மட்டும் பாருங்க. பயணிகள் கார் இறக்குமதி பண்ணினா 2.5 சதவீதம். காருக்குள்ள ஓடுற வயர் ஹார்னஸ், அதாவது மொத்த வயர் கட்டு, தனியா இறக்குமதி பண்ணினா 5 சதவீதம். பால் பேரிங் 9 சதவீதம்.

கவனிச்சீங்களா? வெளிநாட்டுல முழுக் காரையும் செஞ்சு கொண்டு வந்தா, உள்ளே இருக்கிற பேரிங்குக்கும் சேர்த்து 2.5தான். அதே பேரிங்கைக் கொண்டு வந்து, அமெரிக்கத் தொழிலாளிக்குச் சம்பளம் கொடுத்து, அங்கேயே கார் செஞ்சா 9. உள்ளூர்ல தயாரிக்கிறவனுக்கு அபராதம், வெளியே தயாரிக்கிறவனுக்குச் சலுகைன்னு ஆயிடுது. இதைத்தான் தலைகீழ் வரி அமைப்புன்னு சொல்றாங்க.

ஜோன் இதை நேர் பண்ணுது. பேரிங் ஜோனுக்குள்ள வரும்போது வரி இல்ல. காரோட சேர்ந்து வாசலைத் தாண்டும்போது அது பேரிங் இல்ல, காரோட ஒரு பகுதி. அதனால 2.5 போதும்.

ஒரு கணக்கு போட்டுப் பார்ப்போம். கற்பனைக் கணக்குதான். ஒரு காருல 4,000 டாலருக்கு வெளிநாட்டுப் பாகங்கள், சராசரி வரி 5 சதவீதம்னா 200 டாலர். ஜோன் வழியா 2.5 சதவீதம்னா 100 டாலர். ஒரு காருக்கு 100 டாலர் பெருசாத் தெரியாது. வருஷத்துக்கு 2 லட்சம் கார் செய்யிற ஆலைக்கு அது 2 கோடி டாலர்.

இன்னொண்ணு, அந்த 2.5 சதவீதம் காரோட முழு விலைக்கு இல்ல, உள்ளே இருக்கிற வெளிநாட்டுப் பாகங்களோட மதிப்புக்கு மட்டும். ஜோனுக்குள்ள கொடுத்த சம்பளம், கரண்ட் பில், லாபம் எதுவும் கணக்குல சேராதுன்னு 1980ல சுங்கத் துறை தெளிவுபடுத்துச்சு. அதுக்கப்புறம்தான் உற்பத்தி ஆலைகள் வரிசையா ஜோன் கேட்டு வந்தாங்க.

மருந்துலயும் இதே கதை. 1990கள்ல வந்த ஓர் உலக வர்த்தக ஒப்பந்தப்படி, முடிஞ்ச மருந்துக்கு அமெரிக்காவுல அடிப்படை வரி பூஜ்யம். ஆனா அதுக்குள்ள போற வேதிப்பொருள்கள் பலதுக்கு 6.5 சதவீதம். வேதிப்பொருளா உள்ளே போய், மாத்திரையா வெளியே வந்தா, வரியே இல்ல.

ரெண்டு முத்திரை

அப்போ எல்லாரும் ஜோனுக்குள்ள போனா எப்பவும் லாபம்தானா? இல்ல. பிக்கப் டிரக்கை எடுத்துக்கோங்க. 1960கள்ல ஐரோப்பா அமெரிக்கக் கோழிக்கறிக்கு வரி போட்டுச்சு. பதிலடியா அமெரிக்கா சில பொருள்களுக்கு 25 சதவீதம் வரி போட்டதுல டிரக்கும் ஒண்ணு. கோழிச் சண்டை எப்பவோ முடிஞ்சுது. டிரக் வரி மட்டும் நிக்குது. இன்னைக்கும் அதுக்கு 'கோழி வரி'ன்னுதான் பேரு.

இப்போ ஜோனுக்குள்ள டிரக் செய்யிற ஆலையில, 5 சதவீத வயர் கட்டு டிரக்கா மாறி வெளியே வந்தா 25 ஆயிடுமே! அதுக்குத்தான் சட்டம் ரெண்டு வகை முத்திரை வச்சிருக்கு. ஒண்ணு, உள்ளே வரும்போதே 'இது பேரிங், இதோட வரி இன்னைக்கு இவ்வளவு'ன்னு பூட்டி வைக்கிறது. பின்னாடி அது எதுவா மாறினாலும் அந்த வரிதான். இன்னொண்ணு, பூட்டாம விட்டு, வெளியே போகும்போது என்ன பொருளா இருக்கோ அதோட வரியைக் கட்டுறது. சாதாரண விதிப்படி எந்த முத்திரைங்கிறதைக் கம்பெனியே தேர்ந்தெடுக்கலாம். கார்க்காரர் பூட்டாம விடுவாரு, டிரக்காரர் பூட்டுவாரு. இந்த முத்திரையை ஞாபகம் வச்சுக்கோங்க, கடைசியில மறுபடி வரும்.

சின்னச் சின்ன லாபங்கள்

ஸ்பார்ட்டன்பர்க்ல தயாராகுற வண்டிகள்ல பாதிக்கு மேல சமீப வருஷங்கள்ல வெளிநாட்டுக்குத்தான் போயிருக்கு. ஜோனுக்குள்ள வந்து அப்படியே ஏற்றுமதி ஆனா, பாகங்களுக்கு அமெரிக்க வரியே கிடையாது. கனடா, மெக்சிகோவுக்கு அனுப்பினா மட்டும் அந்த நாடுகளோட இருக்கிற ஒப்பந்தப்படி வேற விதி. ஜோன் இல்லாமலும் இதைச் சாதிக்கலாம்: முதல்ல வரியைக் கட்டிட்டு, ஏற்றுமதி பண்ணின பிறகு 99 சதவீதம் திரும்பக் கேட்கலாம். ஆனா காகித வேலை, காத்திருப்பு. கட்டாமலே இருக்கிறது நல்லதுதானே?

உற்பத்தியில வீணாப்போற சரக்கு? ஜோனுக்குள்ளயே அழிச்சுட்டா வரி இல்ல. வெளியே இருந்திருந்தா உடைஞ்ச பாகத்துக்கும் முன்னாடியே வரி கட்டியாச்சு.

அடுத்து நேரம். சரக்கு மூணு மாசம் கிடங்குல கிடந்தா, வரிப்பணம் மூணு மாசம் கம்பெனி கையில இருக்கும். வட்டி அதிகமா இருக்கிற காலத்துல இதுவே பெரிய தொகை.

இன்னொண்ணு, பலருக்குத் தெரியாதது. வரி போக, ஒவ்வொரு இறக்குமதிப் பதிவுக்கும் சரக்கு மதிப்புல 0.3464 சதவீதம் ஒரு கட்டணம் உண்டு. அதுக்கு ஓர் உச்சவரம்பு, ஒரு பதிவுக்கு 600 டாலருக்குக் கொஞ்சம் மேல. வாரத்துக்கு 50 கன்டெய்னர், ஒவ்வொண்ணும் 2 லட்சம் டாலர் சரக்கு, தனித்தனிப் பதிவுன்னு வைங்க. 50 தடவை உச்சவரம்பு, சுமார் 30,000 டாலர். ஜோன்ல இருந்து வாரம் முழுக்க வெளியே போறதை ஒரே பதிவா காட்டலாம். அப்போ உச்சவரம்பு ஒரே தடவைதான். வருஷத்துக்கு மிச்சம் சுமார் 15 லட்சம் டாலர்.

நம்ம மெப்ஸ் மாதிரியா?

தாம்பரம் பக்கம் போறவங்களுக்கு இந்நேரம் மெப்ஸ் ஞாபகம் வந்திருக்கும். குடும்பம் ஒண்ணுதான், குணம் வேற. இந்தியாவுல 1965ல காண்ட்லா, 1984ல மெப்ஸ், அப்புறம் 2005 சிறப்புப் பொருளாதார மண்டலச் சட்டம், எல்லாமே ஏற்றுமதிக்காக வந்தது. அங்கே இருந்து உள்நாட்டுக்கு வித்தா, முழுப் பொருளை இறக்குமதி பண்ணின மாதிரி வரி. அமெரிக்க ஜோனோட பெரிய பயனே உள்நாட்டுச் சந்தைக்கு விக்கிறதுலதான். அதுக்குக் கொஞ்சம் கிட்ட வர்றது, 2019ல இந்தியா கொண்டு வந்த பிணைக் கிடங்கு உற்பத்தித் திட்டம். அதுல ஏற்றுமதி கட்டாயம் இல்ல. உள்நாட்டுல விக்கும்போது வரி கட்டினா போதும், வட்டியும் இல்ல. ஆனா அங்கே வரி மூலப்பொருளுக்குத்தான். முழுப் பொருளோட குறைஞ்ச வரியைத் தேர்ந்தெடுக்கிற வசதி இல்ல.

அப்போ யாருக்கு நஷ்டம்?

இது வரி ஏய்ப்பு இல்ல. சட்டமே கொடுத்த வழி. ஆனா எதிர்ப்பே இல்லாத வழியும் இல்ல.

அமெரிக்காவுல ஒரு ஊர்ல பால் பேரிங் செய்யிற சின்ன ஆலை இருக்குன்னு வைங்க. அந்த 9 சதவீத வரிதான் அவங்களுக்கு வேலி. பெரிய கார் ஆலை ஜோனுக்குள்ள போனதும் வேலியோட உயரம் 2.5 ஆயிடுது. கார் ஆலையில ஒருத்தர் வேலை காப்பாத்தப்படுது, பேரிங் ஆலையில இன்னொருத்தர் வேலை ஆட்டம் காணுது. அதனாலதான் உற்பத்திக்கு அனுமதி கேட்டா வாரியம் பொது அறிவிப்பு கொடுத்து ஆட்சேபம் கேட்குது. 2012 விதிகள்படி சாதாரணமா 120 நாள்ல முடிவு.

கப்பல் கட்டுறதுல இது நல்லாத் தெரியும். முழுக் கப்பலுக்கு வரி பூஜ்யம். அப்போ ஜோனுக்குள்ள இருக்கிற கப்பல் தளம் வெளிநாட்டு இரும்புத் தகட்டை வரியே இல்லாம உபயோகிக்கலாமே? முடியாது. உள்ளூர் இரும்பு ஆலைகளைக் காப்பாத்த, வெளிநாட்டு உருக்குக்கு முழு வரி கட்டணும்னு வாரியம் நிபந்தனை போட்டுடுச்சு. இரும்புக்காரங்களுக்குக் குரல் இருந்தது, கிடைச்சது. எல்லா பேரிங் ஆலைக்கும் அந்தக் குரல் இருக்குமா?

சின்ன கம்பெனிகளுக்கும் இது எட்டாக்கனி மாதிரிதான். ஒவ்வொரு பாகமும் எங்கே இருக்குன்னு காட்டுற கணக்கு மென்பொருள், பிணைப் பத்திரம், பாதுகாப்பு, சுங்கத் தணிக்கை, வருடாந்திர அறிக்கை, எல்லாத்துக்கும் செலவு. மாசத்துக்கு நாலு கன்டெய்னர் வர்ற கடைக்கு மிச்சத்தை விடச் செலவு அதிகம்.

வாசல் எப்போ மூடும்?

இப்போ அந்த முத்திரைக்கு வருவோம். 2018ல டிரம்ப் அரசு இரும்புக்கு 25, அலுமினியத்துக்கு 10 சதவீதம்னு கூடுதல் வரி போட்டுச்சு. அதோட ஒரு நிபந்தனையும் வந்தது: இந்தச் சரக்கு ஜோனுக்குள்ள வந்தா, பூட்டுற முத்திரைதான். தேர்வு கிடையாது. அதாவது இரும்பா வந்தது காரா வெளியே போனாலும் இரும்பு வரிதான். 2025 ஏப்ரல்ல நாடுவாரியா வரி அறிவிச்சப்பவும் அதே நிபந்தனையைச் சேர்த்தாங்க.

அந்தச் சரக்குகளுக்கு ஜோனோட பெரிய லாபமே போயிடுச்சு. தள்ளிக் கட்டுற வசதி, வாராந்திரப் பதிவு மாதிரி சின்ன லாபங்கள்தான் மிச்சம். பூட்டுறதுல இன்னொரு சிக்கலும் இருக்கு. பின்னாடி வரி குறைஞ்சாலும், உள்ளே வந்த அன்னைக்கு இருந்த வரிதான் உங்க தலையில.

அதனால அடுத்த தடவை "இந்தப் பொருளுக்கு இத்தனை சதவீதம் வரி"ன்னு செய்தி பார்த்தா, சதவீதத்தோட நிக்காதீங்க. மூணு கேள்வி கேளுங்க: எந்த நிலையில இருக்கிற பொருளுக்கு? எந்த நேரத்துல? கோடு எந்த வாசல்ல? கம்பெனிகளோட நிதிப் பிரிவு முதல்ல கேட்கிறது இதைத்தான். கோழி வரி மாதிரி, ஒரு தடவை போட்ட கோடு அறுபது வருஷம் கூட நிக்கும். அதுக்குள்ள எத்தனை ஆலை இடம் மாறும்னு கணக்கு போட்டுப் பாருங்க.

இந்த எபிசோடு அவ்வளவுதான். கேள்விகள் இருந்தா எழுதுங்க, அடுத்ததுல சந்திப்போம்.