பயிரின் நிறமும் காணொலித் தொகுப்பும்

மேட்டூர் அணை ஜூன் 12இல் திறக்கப்படும் ஆண்டுகளில் காவிரிப் படுகையில் குறுவை களைகட்டும். நாற்றங்காலின் இளம்பச்சை, வேர்பிடித்த பயிரின் பச்சை, தூர்கட்டியபின் கறுத்துத் தோன்றும் பச்சை எனத் தஞ்சை வயல்களில் பச்சைக்குப் பல படிகள் உண்டு. இலை வெளிறினால் தழைச்சத்துக் குறைவு என்றும், மிகக் கறுத்தால் தழைச்சத்து மிகுதி என்றும் உழவர் கண்ணாலேயே கணிப்பர்.

அக்கணிப்பிற்கு அளவுகோலாக அமைந்ததே இலை வண்ண அட்டை. முழுதும் விரிந்த இளம் இலையை அட்டையின் பச்சைப் பட்டைகளோடு உடல்நிழலில் ஒப்பிட வேண்டும். பார்த்த 10 இலைகளுள் 6 அல்லது அதற்கு மேற்பட்டவை வரையறுத்த எண்ணுக்குக் கீழிருந்தால் மேலுரம் இடலாம். வெள்ளைப் பொன்னிக்கு அவ்வெண் 3. பிற இரகங்களுக்கு 4. இம்முறையைக் காணொலியாக்கி உழவர்களின் கைப்பேசிக்கு அனுப்ப விரும்புபவர், எந்தத் தொகுப்பு மென்பொருளைத் தேர்வது? நிறம் பிறழ்ந்தால் 4ஆம் பட்டை 3ஆகத் தோன்றும். பார்ப்பவர் யூரியாவை வீணே இறைப்பார்.

பிழை பெரும்பாலும் படப்பிடிப்பிலேயே தொடங்குகிறது. காட்சி முழுதும் பச்சையாக இருந்தால், கேமராவின் தானியங்கி வெண்சமநிலை அதனை மிகையெனக் கருதி எதிர்நிறமான கருஞ்சிவப்பின் பக்கம் சாய்த்துவிடும். ஆகவே முதற்காட்சியில் சாம்பல்நிற அட்டை ஒன்றைப் பயிரோடு படம்பிடிப்பது நன்று. மென்பொருளின் அலைவரைபடத்தில் அவ்வட்டையின் சிவப்பு, பச்சை, நீலம் மூன்றும் ஒரே உயரத்திற்கு வருமாறு திருத்தினால் இலையும் தன்னிறம் பெறும். கணினித் திரையை மட்டும் நம்பித் திருத்துவோர் தம் திரையின் குறையையும் சேர்த்தே பதிவுசெய்கின்றனர். ஆதலால் இத்தகைய வரைபடங்கள் இல்லாத மென்பொருள், வடிகட்டிகள் எத்தனை வைத்திருப்பினும், இப்பணிக்கு உதவாது.

அடுத்தது சட்டக வீதம், அதாவது ஒரு நொடியில் பதிவாகும் படங்களின் எண்ணிக்கை. திரைப்படத்திற்கு 24, இந்தியத் தொலைக்காட்சிக்கு 25 என்பது வழக்கம். நம் மின்சாரம் 50 ஹெர்ட்ஸ். விளக்குகள் நொடிக்கு 100 முறை மின்னுகின்றன. இரவில் நெல் கொள்முதல் நிலையத்தில் 30 சட்டகங்களில் எடுத்த காட்சி துடிப்பதற்கு இதுவே காரணம். 25 சட்டகமும் நொடியில் 50இல் ஒரு பங்குத் திறப்பும் வைத்தால் துடிப்பு அடங்கும். நாற்று நடும் கைகளை மெதுவாகக் காட்ட 50 சட்டகங்களில் எடுத்து, 25இல் ஓடவிடலாம். கைப்பேசிகளோ பெரும்பாலும் நிலையற்ற வீதத்தில் பதிவுசெய்கின்றன. தொகுக்கையில் பேச்சும் உதட்டசைவும் விலகிச்செல்லும். ஹேண்ட்பிரேக் என்னும் கட்டணமற்ற மென்பொருளால் முன்னரே நிலையான வீதத்திற்கு மாற்றிக்கொள்ளலாம்.

டாவின்சி ரிசால்வ் திரைப்பட நிறத்திருத்தக் கருவியாகப் பிறந்தது. 2009இல் பிளாக்மேஜிக் நிறுவனத்தின் கைக்கு வந்தது. இலையின் நிறத்தைத் தொடாமல் உழவரின் முகநிறத்தை மட்டும் பிரித்துத் திருத்தும் வசதி இதிலுண்டு. கட்டணமற்ற பதிப்பே இப்பணிக்குப் போதும். ஆயினும் ஆற்றல்மிக்க வரைகலை அட்டை வேண்டும். சட்டக வீதத்தையும் தொகுப்பைத் தொடங்கும்போதே முடிவுசெய்துவிட வேண்டும். காட்சிகளைச் சேர்த்தபின் மாற்ற இயலாது. எளிய மடிக்கணினி உடையோர்க்குக் கட்டற்ற மென்பொருளான கேடென்லைவ் ஏற்றது. நிற வரைபடங்கள் இதிலும் உள்ளன. நிலையற்ற வீதத்தில் அமைந்த கோப்பைக் கண்டால் எச்சரித்து மாற்றியும் தரும். பிரீமியர் புரோவிற்குச் சந்தா உண்டு. ஃபைனல் கட் ஆப்பிள் கருவிகளில் மட்டுமே இயங்கும்.

எத்துணை திருத்தினும், காண்போரின் கைப்பேசித் திரைகள் ஒன்றுபோல் இரா. எனவே இலையும் அட்டையும் ஒரே சட்டகத்தில் அமைய வேண்டும். திரை மங்கினால் இரண்டும் சேர்ந்தே மங்கும், ஒப்பீடு பெரும்பாலும் நிலைக்கும். நிறச்செறிவை அழகுக்காகக் கூட்டினால் அடுத்தடுத்த இரு பட்டைகள் ஒன்றாகிவிடும். பட்டையின் எண்ணைக் குரலிலும் சொல்லிவிடுவது பாதுகாப்பு.